பனியும் ஒரு படப்புத்தகமும்

வாசித்தல் வேறு, விளங்கிக்கொள்ளுதல் வேறு. இவ்வுண்மையைப் பற்றிக் கல்வி டிப்ளோமாப் பரீட்சையில் நான்கு பக்கங்கள் எழுதி நல்ல புள்ளிகளும் பெற்றவர்கள் நாம். ஆயினும் நாம் எழுதியதன் பொருள் எமக்கே விளங்குவதற்குத் தமிழாசிரியராக இருபது ஆண்டுகள் கழியவேண்டியிருந்தது. ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் எமக்கு ஆசானாக வாய்க்கவும் வேண்டியிருந்தது.

சொல்வளத்தைப் பெருக்குதற்கு நாம் கைக்கொண்டிருந்த முறை எல்லாரும் அறிந்த முறையே. அரும்பதங்களைக் கரும்பலகையின் இடப்பக்கத்திலும் அவற்றின் பொருளை வலப்பக்கத்திலும் எழுதுவோம். பிள்ளைகள் பார்த்து எழுதுவர், மறுநாள் ஒப்புவிப்பர், பின்னர் அச்சொற்களை வைத்து வாக்கியம் அமைப்பர். ஒருமுறை ‘விடாமுயற்சி’ என்ற சொல்லுக்கு ‘இடைவிடாது முயலுதல்’ என்று பொருள் எழுதி வாக்கியம் அமைக்கப் பணித்தோம். ஒரு மாணவன், ‘நேற்றிரவு மழை விடாமுயற்சியாகப் பெய்தது’ என்று எழுதியிருந்தான். அதனை ஆசிரியர் அறையில் படித்துக் காட்டினோம், எல்லோருமாக நகைத்தோம். அந்த நகைப்பை இன்று நினைக்குந்தோறும் எமக்கு நாணமாக இருக்கின்றது. பிழை மாணவனுடையது அன்று. ஒரு சொல்லுக்குப் பதிலாக வேறிரண்டு சொற்களை அவன் கையிற் கொடுத்துவிட்டு, பொருளைக் கொடுத்துவிட்டதாக எண்ணிய எம்முடையதே அப்பிழை.

சென்ற தை மாதத்தில் ஆரம்பப் பிரிவு ஆசிரியை ஒருவர் மகப்பேற்று விடுமுறையிற் செல்லவே, தரம் 4 மாணவருக்குக் கிழமைக்கு ஒரு பாடவேளை வாசிப்புக் கற்பிக்கும் பொறுப்பு எம்மிடம் வந்தது. பெரிய வகுப்புகளுக்கு இலக்கணமும் இலக்கியமும் சொல்லிப் பழகிய எமக்குச் சிறுபிள்ளைகளிடம் என்ன செய்வதென்று புரியவில்லை. அவ்வேளை, ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த எமது ஒன்றுவிட்ட சகோதரி, தன் பிள்ளைகள் படித்து முடித்த சில புத்தகங்களை எமது வீட்டில் விட்டுச் சென்றிருந்தார். அவற்றுள் ஒன்று ‘ஸ்னோபிளேக் பென்ற்லி’ என்னும் ஆங்கிலப் படப்புத்தகம். 1998 ஆம் ஆண்டில் வெளிவந்தது. எழுதியவர் ஜக்குலின் பிறிக்ஸ் மார்ட்டின். மேரி அசாரியன் மரத்திற் செதுக்கி அச்சிட்டு வர்ணந் தீட்டிய படங்களுக்காக 1999 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கால்டிகொற் பதக்கம் அதற்குக் கிடைத்தது.

அது ஒரு மனிதரின் வாழ்க்கை வரலாறு. வில்சன் பென்ற்லி என்பவர் 1865 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வேர்மொன்ற் மாநிலத்தில் ஜெரிக்கோ என்னும் ஊரில், ஓர் எளிய உழவர் குடும்பத்திற் பிறந்தார். முன்னர் ஆசிரியையாக இருந்த தாயே அவருக்கு வீட்டில் கல்வி புகட்டினார். பதினைந்து வயதில் தாய் கொடுத்த பழைய நுணுக்குக்காட்டி ஒன்றினூடாக அவர் பனிப் பளிங்குகளைக் கண்டார். கண்டதை வரைய முயன்றார். வரைந்து முடிக்குமுன் அவை உருகின. நுணுக்குக்காட்டியோடு இணைந்த கமரா ஒன்றிருந்தால் அவற்றைப் படம் பிடிக்கலாம் என்று அறிந்தார். அதன் விலையோ தந்தையின் பத்துப் பசுக்களின் பெறுமதிக்கு ஒப்பானது. பெற்றோர் தம் சேமிப்பைச் செலவிட்டு அதனை வாங்கிக் கொடுத்தனர். முதல் முயற்சிகள் தோல்வியுற்றன. 1885 ஆம் ஆண்டு தை 15 ஆந் திகதி, பத்தொன்பது வயதில், அவர் ஒரு பனிப் பளிங்கின் தெளிவான படத்தை எடுத்தார். அதன்பின் வாழ்நாள் முழுதும் 5000க்கு மேற்பட்ட படங்களை எடுத்தார். அவற்றுள் ஒன்றையொன்று ஒத்த இரண்டினை அவர் காணவில்லை. அவற்றில் ஏறக்குறைய 2400 படங்களைக் கொண்ட நூல் 1931 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதே ஆண்டு மார்கழியில், பனிப்புயலில் நடந்து வீடு திரும்பிய பின் நியுமோனியாக் காய்ச்சல் கண்டு அவர் காலமானார்.

இந்நூலை நாம் தமிழாக்கி, சிறு தாள்களில் எழுதிப் பக்கந்தோறும் ஒட்டிக்கொண்டு வகுப்பிற்குச் சென்றோம். பெருமிதத்தோடு சென்றோம் என்பதை மறைக்கவேண்டியதில்லை.

முதல் நாட் பாடம் முற்றாகத் தோற்றது.

புத்தகத்தை உயர்த்திப் படத்தைக் காட்டியவாறே வாசித்தோம். முப்பத்திரண்டு பிள்ளைகளும் கண்ணிமையாது பார்த்தனர். எமது உள்ளம் பூரித்தது. மூன்று பக்கங்கள் வாசித்தபின், “பையன் ஏன் கவலைப்பட்டான்?” என்று வினவினோம். “குளிருது, சேர்” என்றான் ஒருவன். “மாடு காணாமற் போட்டுது” என்றான் வேறொருவன். வரைந்து முடிக்குமுன் பளிங்கு உருகிவிட்டதாக நாம் வாசித்ததை எவருமே கேட்டிருக்கவில்லை. அவர்கள் கேட்கவில்லை, பார்த்தார்கள். படத்திலே பனியும் மாடும் இருந்தன. ஆகவே விடையிலும் பனியும் மாடும் வந்தன.

அதனோடு வேறொரு சிக்கலும் எழுந்தது. முன்வரிசையில் இருந்த ஒருவன் எழுந்து, “சேர், பனியை ஏன் படம் பிடிக்கிறது? எங்கட வளவுப் புல்லிலயும் பனி கிடக்குதுதானே?” என்றான். “அது பனியில்லையடா, ஸ்நோ!” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதிட்டது. மணி அடித்தது.

அன்றிரவு இதுபற்றி நெடுநேரம் சிந்தித்தோம். கைத்தொலைபேசியின் திரையில் வெண்பனி பொழிவதைக் காணாத பிள்ளை இன்று இல்லை. ஆனால் அவர்கள் அதனை ‘ஸ்நோ’ என்ற பெயராலேயே அறிவர். ‘பனி’ என்றால் அவர்களுக்கு விடியற்காலையில் வெங்காயத் தாளிலும் அறுகம்புல்லிலும் தங்கிநிற்கும் துளி. கண்ட பொருள் ஒரு கரையில் நின்றது; கேட்ட சொல் மறுகரையில் நின்றது. இரண்டுக்கும் இடையே பாலமில்லை.

படங்களைப் பற்றிய எமது அனுபவம் புதியதன்று என்பதையும் பின்னர் அறிந்தோம். சிறுவர்க்கு உரத்து வாசித்தல் குறித்து இசபெல் பெக், மார்கரெற் மக்கியோன் என்னும் அமெரிக்கக் கல்வியறிஞர் இருவர் 2001 ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை எழுதியுள்ளனர். பிள்ளைகள் சொல்லைக் கவனியாது படத்தையும் தாம் முன்னரே அறிந்தவற்றையும் கொண்டு விடை கூறிவிடுகின்றனர் என்று அவர்கள் எடுத்துக்காட்டினர். எனவே முதலில் வாசிக்கவேண்டும். வாசித்ததைப் பற்றி உரையாடவேண்டும். அதன் பின்னரே படத்தைக் காட்டவேண்டும் என்பது அவர்களது கருத்து.

இதனைப் படித்தபோது, நெடுங்காலத்துக்கு முன் கேட்ட ஒரு குரல் எமது செவியில் ஒலித்தது. அது எமது ஊர்க் கோயில் மண்டபத்திற் புராணம் படித்த பெரியவரின் குரல். யாழ்ப்பாணத்துப் பண்பாட்டைக் கந்தபுராணக் கலாசாரம் என்று பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் குறிப்பிட்டமை வாசகர் அறிந்ததே. கந்தபுராணம் மட்டுமன்றி, திருவெம்பாவைக் காலத்திலே திருவாதவூரடிகள் புராணமும் படிக்கப்படும். அதுவும் ஒரு வாழ்க்கை வரலாறுதானே! மணிவாசகப் பெருமானின் வரலாறு. ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிப்பார். மற்றொருவர் அதற்குப் பயன் சொல்வார். வாசிப்பவர் விரைந்து ஓடமாட்டார். ஒரு செய்யுள் முடிந்ததும் நிறுத்துவார். பயன் சொல்பவர் தொடங்குவார். அவர் சொல்லுக்குச் சொல் வைப்பதோடு அமையமாட்டார். கேட்போர் அறிந்த வயலையும் கிணற்றையும் வீட்டையும் காட்டி அச்சொல்லை அவர்களது வாழ்விலே நாட்டுவார். எழுத்தறியாத ஆச்சிமாரும் அரும்பெருஞ் செய்யுட்களின் பொருளை அறிந்திருந்தமை இவ்வாறே. அங்கே படம் எதுவும் காட்டப்படவில்லை. சொல்லே அவர்களின் உள்ளத்திற் படமாயிற்று.

எமது பாட்டனார் காலத்து முறையை நாம் கைவிட்டோம். பின்னர் கடல் கடந்த கட்டுரையொன்றினூடாக அதனை மீண்டும் கண்டெடுத்தோம்.

அடுத்த கிழமை புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வாசித்தோம். படம் பிறகுதான் என்று சொல்லிவிட்டோம். சிறிது முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. கற்பிக்கவேண்டிய சொற்களாக ஆறினை மட்டுமே தெரிந்திருந்தோம்: சேமிப்பு, ஏளனம், நுணுக்கம், உருகுதல், தனித்தன்மை, விடாமுயற்சி. பளிங்கு, மூலக்கூறு போன்ற துறைச் சொற்களைக் கதைக்கு வேண்டிய அளவில் விளக்கிவிட்டு அப்பாற் சென்றோம். எல்லாத் துறையிலும் எல்லா வயதிலும் பயன்படக்கூடிய சொற்களிலேயே நேரத்தைச் செலவிடவேண்டும் என்பதும் அவ்வறிஞர்கள் கூறியதே. பழைய நாமாக இருந்திருந்தால் இருபது சொற்களைக் கரும்பலகையில் எழுதியிருப்போம்.

முதலில் ‘பனி’யைத் தீர்த்துக்கொண்டோம். ஒரே நீர் பல கோலங் கொள்கின்றது என்றோம். புல்லின்மேற் படிவது பனித்துளி. தெருவை மறைப்பது மூடுபனி. கடுங்குளிரில் நிலத்தின்மேல் வெள்ளையாகப் படிவது உறைபனி. நுவரெலியாவில் தை, மாசி மாதங்களிற் சில விடியற்காலைகளில் அதனைக் காணலாம். முகிலிலேயே பளிங்காக உருவாகி வானத்திலிருந்து விழுவது வெண்பனி. அதுவே உங்கள் ஸ்நோ. பென்ற்லி பனித்துளியையும் உறைபனியையுங்கூடப் படம் பிடித்தார் என்று சொன்னதும், முதல் நாள் வாதிட்ட இரு கட்சியாரும் தாமே வென்றதாக மகிழ்ந்தனர். “எங்கட வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்குள்ளயும் உறைபனி இருக்குது, சேர்” என்றான் ஒருவன். அக்கணமே அச்சொல் அவனுடையதாயிற்று என்பதை உணர்ந்தோம்.

கமரா வாங்கிய இடம் வந்தபோது, “பத்து மாட்டையும் வித்துப்போட்டோ கமரா வாங்கினவை, சேர்?” என்று ஒருவன் கேட்டான். விடை கூறாது அப்பகுதியை மீண்டும் வாசித்தோம். “இல்லை, மாடு நிக்குது. சேத்து வைச்ச காசைக் குடுத்தவை” என்று அவனே திருத்திக்கொண்டான். ‘சேமிப்பு’ என்ற சொல்லுக்கு வேறு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. பனியைப் படம் பிடிப்பது பயனற்ற வேலையென்று எண்ணிய தந்தையே அந்தக் கமராவுக்குக் காசு கொடுத்தார் என்பதைச் சொன்னபோது வகுப்பு சற்று அமைதியாயிற்று. “ஏன் கொடுத்தார்?” என்று வினவினோம். ‘யார்’, ‘எங்கே’ என்ற வினாக்களுக்கு ஒரு சொல்லில் விடை வரும். ‘ஏன்’ என்ற வினாவே பிள்ளையைப் பேசவைக்கும். “பிள்ளை கேட்டதெண்டு” என்றான் ஒருவன். “விளங்காட்டியும் விருப்பம்” என்றான் மற்றொருவன். பின்னையதினும் சிறந்த விடையை நாம் எழுதியிருக்க இயலாது.

அவ்வூரில் எவ்வளவு பனி பொழியும் என்று கேட்டனர். ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 120 அங்குலம் என்று புத்தகம் கூறுகின்றது. பத்து அடி! அளவுநாடாவைக் கொண்டு சுவரில் அளந்து காட்டினோம். அது கரும்பலகையைக் கடந்து முகட்டை நோக்கிச் சென்றது. அவ்வளவும் ஒரே நாளில் விழுவதில்லை என்றாலும், ஓரிரவுப் பொழிவே வாசலை மூடிவிடக்கூடும் என்றோம். “அப்ப வெளியால எப்படிப் போறது?” என்று பல குரல்கள் எழுந்தன. “அள்ளித்தான் ஒதுக்கவேண்டும். அங்கே வீடுதோறும் பனி அள்ளுவதற்கென்றே அகன்ற மண்வாரி இருக்கும். காலையில் வேலைக்குப் போவோர் முதலில் வாசற் பனியை அள்ளவேண்டும்” என்றோம்.

மணி அடித்தது. பிள்ளைகள் கலைந்தனர். ஒருவன் மட்டும் நின்றான். இரண்டு கிழமையாக வாய் திறவாதிருந்தவன் அவன். கேள்வி கேட்டால் நிலத்தைப் பார்ப்பான். மந்தமானவன் என்று நாம் மனத்துள்ளே எழுதி வைத்திருந்தோம்.

“சேர், பனி அள்ளுறது எண்டா உண்மையா அள்ளுறதோ?”

“உண்மைதான்” என்றோம்.

சிறிது நேரம் மேசையின் விளிம்பைத் தடவிக்கொண்டு நின்றான். பின் மெல்லச் சொன்னான்: “அப்பா கனடாவில. ஞாயிறு பின்னேரத்தில எடுப்பார். கதைச்சுக்கொண்டிருக்கேக்க, ‘பனி அள்ளோணும், பிறகு எடுக்கிறன்’ எண்டு வைச்சிடுவார். பனியை ஆர் அள்ளுவினம்? என்னோட கதைக்க விருப்பமில்லாமல் பொய் சொல்லுறார் எண்டு நினைச்சன்.”

நாம் திகைத்து நின்றோம். இங்கே மாலையாகும்போது அங்கே விடியும். அத்தந்தை வேலைக்குப் புறப்படுமுன் கிடைத்த சில நிமிடங்களில் மகனுடன் பேசியிருக்கின்றார். பின்னர் மண்வாரியை எடுத்துக்கொண்டு குளிரில் இறங்கியிருக்கின்றார். மகனோ, புல்லின்மேல் நிற்கும் துளியை அள்ளப் போவதாகக் கூறும் தந்தையை நம்ப மறுத்திருக்கின்றான். இருவரும் பேசியது ஒரே சொல்லை. அச்சொல்லே இருவருக்கும் நடுவிற் சுவராக நின்றது. எத்தனை காலமாக நின்றதோ! இதனைத் தாயிடங்கூட அவன் கேட்கவில்லை. கேட்டால் தாயும் பொய் சொல்லவேண்டி வருமென்று அஞ்சினானோ என்னவோ, நாம் அறியோம்.

அவனுக்கு ஆறுதலாக ஏதும் கூற எமக்கு நா எழவில்லை. புத்தகத்தைத் திறந்து, அதுவரை மறைத்து வைத்திருந்த படத்தை அவனுக்கு முதலிற் காட்டினோம். வெண்பனி மூடிய அவ்வூரை அவன் நெடுநேரம் பார்த்தான்.

மூன்றாம் பாடத்தில் அவனும் பேசினான். பென்ற்லி பளிங்கைப் பிடித்த விதத்தை வாசித்துக்கொண்டிருந்தோம். கறுத்த பலகையில் விழுந்த பளிங்கை மெல்லிய ஈர்க்கால் எடுப்பார். கண்ணாடித் தகட்டில் வைத்து இறகால் தடவுவார். தன் மூச்சின் வெப்பம் படாதவாறு மூச்சை அடக்கிக்கொள்வார். சூடேற்றாத கொட்டகையிலேயே வேலை செய்வார். “ஏன் கறுத்த பலகை?” என்று கேட்டோம். “வெள்ளை கறுப்பிலதான் தெரியும்” என்று அச்சிறுவன் எழுந்து நின்று கூறினான். நீர் உறையும்போது அதன் மூலக்கூறுகள் அறுகோணமாக அடுக்கப்படுகின்றன, அதனாலேயே பளிங்குக்கு ஆறு பக்கங்கள் என்பதை அன்று எல்லோரும் வரைந்து பார்த்தனர். ஒவ்வொன்றும் முகிலில் வெவ்வேறு குளிரையும் ஈரத்தையும் கடந்து வருவதால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வளர்கின்றது என்றபோது, ‘தனித்தன்மை’ என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதவேண்டிய தேவையே எழவில்லை.

அடுத்த திங்கட்கிழமை காலை, பிரார்த்தனை மணிக்கு முன்னரே அவன் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றான். பனிப் பளிங்குக்கு ஆறு மூலை என்று தந்தைக்குச் சொன்னானாம். பதினொரு ஆண்டுகள் பனி அள்ளிய அவர் அதனைக் கவனித்ததே இல்லையாம். தொலைபேசியோடு வாசலுக்குச் சென்று, விழுந்துகொண்டிருந்த பனியைக் கையிற் பிடித்துக் காட்டினாராம்.

“கறுத்த கையுறையில பிடியுங்கோ எண்டு நான்தான் சொன்னனான், சேர். மூண்டு தரம் பிடிச்சும் தெரியேல்ல. நாலாந்தரம் ஆறு மூலையும் தெரிஞ்சது. பிறகு உருகிப் போட்டுது.”

தவணை முடிவில் அவ்வகுப்பினர் ‘விடாமுயற்சி’ என்ற சொல்லை வைத்து வாக்கியம் எழுதினர். ‘முதற் பனிக்காலத்திற் படம் சரிவராதபோதும் பென்ற்லி அடுத்த பனிக்காலம் வரை காத்திருந்து மீண்டும் முயன்றது விடாமுயற்சி’ என்று பலர் எழுதினர். அவன் எழுதியது வேறு: ‘அப்பா விடாமுயற்சியோடு நாலு தரம் பனி பிடித்தார்.’ முழுப் புள்ளியும் இட்டோம். அன்று மழையைப் பற்றி எழுதிய பழைய மாணவன் எங்கிருக்கின்றானோ! அவனிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் போலிருந்தது.

புலமைப்பரிசில் பரீட்சை நெருங்க, தரம் 4 பிள்ளைகளுக்கும் பயிற்சித் தாள்களே உணவாகிவிட்ட காலம் இது. ஒரு படப்புத்தகத்தை மூன்று கிழமையாக வாசிக்க நேரம் ஏது என்று பெற்றோர் சிலர் எம்மிடம் வினவினர். நியாயமான வினாவே. ஆனால் பயிற்சித் தாள், பிள்ளை சரியான விடையை அடையாளமிட்டானா என்பதை மட்டுமே காட்டும். தவறான பொருளோடு ஒரு சொல் அவன் உள்ளத்தில் எவ்வளவு காலமாகக் கிடக்கின்றது என்பதைக் காட்டாது. அதனை அறிய ஒரே வழி, அவன் அருகிலிருந்து வாசித்து, நிறுத்தி, அவன் பேசும்வரை பொறுத்திருப்பதே.

இதற்கு விலையுயர்ந்த புத்தகம் வேண்டியதில்லை, பட்டமும் வேண்டியதில்லை. எந்தப் பெரியாரின் வரலாறாயினும் ஆகுக. ஒரு பக்கம் வாசியுங்கள். படத்தைச் சற்று மறைத்து வையுங்கள். ‘ஏன்’ என்று ஒரு கேள்வி கேளுங்கள். பிள்ளை உடனே விடை கூறாவிடின் நீங்களே கூறிவிடாதீர்கள். பேசாதிருக்கும் பிள்ளை விளங்காதிருக்கின்றான் என்று, நாம் எண்ணியதுபோல, எண்ணிவிடவும் வேண்டா. ஒருவேளை அவன் உங்களிடம் ஒரே ஒரு சொல்லின் பொருளைக் கேட்பதற்காகக் காத்திருக்கக்கூடும்.